கருவாட்டு மூட்டையில் ஒளித்த மாத்திரை

புள்ளை பொறந்ததுல இருந்து எனக்கு அழுகை நிக்கல. காரணம் கேட்டா சொல்லத் தெரியாது. படவேட்ல அம்மா வூட்டுக்குப் போறேன்னு மலை எறங்கி, வேலூர்ல ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவங்க பொறுமையா சொன்னாங்க. உடம்புல செரட்டோனின்னு ஒன்னு இருக்கு, தூக்கம், பசி, மனசு எல்லாத்துலயும் அதுக்கு வேலை உண்டு, குடல்லதான் ரொம்ப இருக்கும், ஆட்டுக்கும் நாய்க்கும்கூட அதே சரக்குதான், இதுல வெக்கப்பட இன்னா இருக்குன்னு கேட்டு, அதைக் கூட்டற மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க.

வெக்கம் இல்லீங்க, பயம். மருமகளுக்குப் பைத்திய மாத்திரைன்னு தெரிஞ்சா என்னை அம்மா வூட்டுக்கு அனுப்பிட்டுப் புள்ளைய வச்சுக்குவாங்க. ஊர்ல ஒருத்திக்கு அப்படி நடந்ததைப் பார்த்தவ நான்.

மாமியார் கை படாத டப்பா எங்க வூட்ல கிடையாது. ஆடியில இருந்து புடவை மடிப்புல மாத்தி மாத்தி ஒளிச்சு வந்தேன். ஆனா புரட்டாசி பொறந்தா வூட்ல கவுச்சி ஆகாது. கருவாட்டைத் துணியில மூட்டை கட்டி ஆட்டுக் கொட்டாய்ல தொங்கவிட்டுடுவோம், மாசம் முடியற வரைக்கும் ஒருத்தரும் தொடமாட்டாங்க. அதுக்குள்ள மாத்திரை அட்டைங்களைச் செருகினேன். காலையில புழுக்கை கூட்டறப்போ ஒன்னு எடுத்து முழுங்குவேன். கருவாட்டு நாத்தத்தோட உள்ள போகும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டேன், கொழுப்பு.

ஒரு நாள் காலையில மூட்டை கீழ கிடந்தது. எங்க நாய் கருவாட்டோட சேர்த்து அட்டையையும் மென்னுருந்தது. அதுக்குப் பேர் இருந்தது, எழுத மனசு வரல. குட்டியா இருக்கறப்போ சட்டைக்குள்ள வச்சு ஜீப்ல தூக்கிட்டு வந்தவர் என் வூட்டுக்காரர். நான் முதல்ல செஞ்சது இன்னா தெரியுமா, கடிபட்ட அட்டையைப் பொறுக்கி எருக்குழியில பொதைச்சதுதான். நாய்க்கு வாந்தி வந்தா சரியாப் போயிடும்னு நெனச்சேன்.

மத்தியானத்துக்குள்ள அதுக்கு உடம்பு வெடவெடன்னு ஆடுச்சு. கண்ணு பாப்பா முழுசா விரிஞ்சு, வாயில எச்சில் ஒழுக, காலை விறைச்சுக்கிட்டு ஊளையிட்டுது.

"வெறி புடிச்சிருக்குடா, புள்ளைய தூக்கு"ன்னு மாமியார் கத்தினாங்க.

எச்சில் ஒழுகி நடுங்கற நாயைப் பார்த்தா எங்க மலையில வேற எதையும் யாரும் நெனைக்கமாட்டாங்க. அவர் தடி எடுக்கப் போனார். திரும்பி வர்ற வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. அது மாத்திரை தின்னுருக்குங்கன்னு ஒரு வார்த்தை போதும். நாய் என் கால்கிட்ட ஊர்ந்து வந்து படுத்துது. தொட்டேன், உடம்பு கொதிச்சுது. இடுப்புல இருந்த புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நகர்ந்து நின்னேன். அவர் அழுதுகிட்டே அடிச்சார்.

நாய் நக்கின புள்ளையாச்சேன்னு அதுக்கு வெறிநாய் ஊசி போட்டாங்க. ஒவ்வொரு தடவையும் கீழ ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய், அது கத்தக் கத்தக் கையைப் புடிச்சது நான்தான். அப்பவும் வாயைத் தொறக்கல.

ஐப்பசியில ஆட்டுக்கு ஊசி போட கால்நடை டாக்டர் வந்தார். அம்மா வூட்டாண்ட ஒரு நாய் செரட்டோனின் கூட்டற மாத்திரையைத் தின்னுட்டு நடுங்குச்சு, கொதிச்சுது சார்னு ஆரம்பிச்சேன்.

"செரட்டோனின் அளவுக்கு மீறிப் போச்சுன்னா அப்படித்தாம்மா நடுங்கும், கொதிக்கும். வெறி மாதிரியே தெரியும். ஆனா வெறி இப்படி அரை நாள்ல முத்தாது. அளவாக் கொடுத்தா நல்ல மருந்து, பயந்த நாய்க்கு நாங்களே எழுதறதுண்டு. சீக்கிரம் தூக்கிட்டு வந்தா ஊசி போட்டு, குளிர வச்சுப் பார்ப்போம். நிறைய நாய் பொழைச்சுக்கும்"னார்.

பின்னாடி ஆட்டோட காதைப் புடிச்சுக்கிட்டு மாமியார் நின்னுட்டிருந்தாங்க. டாக்டர் கெளம்பிப் போனார். அப்புறம் மாமியார் கிட்ட வந்தாங்க.

"உங்க அம்மா வூட்டாண்ட நாயே கிடையாதே"ன்னாங்க.

நான் குனிஞ்சு புழுக்கை கூட்ட ஆரம்பிச்சேன்.

"நீ மாத்திரை சாப்பிடறது எனக்கு ஆடியிலயே தெரியும். சாப்பிட ஆரம்பிச்சப்புறம்தான் நீ புள்ளைகிட்ட சிரிக்கற. அதான் கேட்டுக்கல. நாய் தின்னது அதைத்தான்னு அவனுக்குச் சொல்லிடாத. அடிச்சவன் அவன். தாங்கமாட்டான்."

ஆட்டை இழுத்துக்கிட்டுப் போய்ட்டாங்க.