பேசாத வேன்

என் மார்பில் கட்டி இருக்கிறது என்று தெரிந்த வாரத்தில்தான் என் வேனில் பிள்ளைகள் பேசுவதை நிறுத்தினார்கள்.

அது வேறு, இது வேறு என்று யாரும் எனக்குச் சொல்லலாம். எனக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வீட்டைப் பூட்டி, வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, மறுபடி இறங்கிப் போய் அடுப்படி கேஸ் தோங்கின் வால்வை மூடினேனா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறவள் நான். சில நாள் அதன் பிறகும் இன்னொரு தடவை.

மேருவிலிருந்து கிள்ளானில் இருக்கும் ஒரு பழைய கான்வென்ட் பள்ளிக்குப் பெண்பிள்ளைகளை ஏற்றிப் போய், மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. பள்ளியை ஒட்டி மாதா கோயில். இரண்டுக்கும் இடையில் ஒரு சின்னக் கம்பிக் கதவு. என் வேனில் பாதிப் பேர் கிறிஸ்துவப் பிள்ளைகள், மீதி நம் இந்துப் பிள்ளைகள். டேஷ்போர்டில் என் பிள்ளையார் இருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு குட்டி மாதா. வேனின் பெரியவள் கொண்டுவந்து ஒட்டிய சிலை அது. பெரியவள் என்றால் ஆறாம் வகுப்புக்காரி. பின்சீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். சின்னவள் அந்த ஆண்டுதான் முதல் வகுப்பில் சேர்ந்தவள். அவள் கிறிஸ்துவப் பிள்ளை இல்லை. ஆனாலும் பெரியவள் எதைச் செய்தாலும் தானும் செய்தாக வேண்டும் அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுக் கொஞ்சம் சதையை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார்கள். ரிசல்டுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அன்று மத்தியானம் பிள்ளைகளோடு திரும்பிக்கொண்டிருந்தபோது பந்திங்கிலிருந்து என் அக்கா கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். வேனுக்குள் பாசார் மாதிரி சத்தம். யார் காதில் விழப்போகிறது என்று நினைத்தேன்.

"எவ்ளோ பெருசுடி கட்டி?"

"கச்சான் கொட்டை அளவுதான்க்கா."

"அம்மாவுக்கும் அப்படித்தானே..." என்று ஆரம்பித்தவள் அதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு, "நீ சும்மா கண்டதையும் யோசிக்காத" என்றாள். என்னிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது?

மறுநாள் சாம்பல் புதன். மத்தியானம் கிறிஸ்துவப் பிள்ளைகள் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து ஏறினார்கள். என் நெற்றியில் திருநீறு. ஒவ்வொரு வருஷமும் அதைக் காட்டி, "ஆன்டியும் சேம் சேம்" என்று கத்துவார்கள். அன்று யாரும் கத்தவில்லை. கதவைச் சாத்தி வண்டியை எடுத்தேன். ஏர்கோன் சத்தம் மட்டும் கேட்டது. என் வேனில் ஏர்கோன் அவ்வளவு சத்தம் போடும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்னாச்சு எல்லாருக்கும்? டீச்சர் திட்டுனாங்களா?"

பின்பார்க்கும் கண்ணாடியில் பெரியவள் என்னைப் பார்த்தாள். "தவக்காலம் ஆன்டி. ஈஸ்டர் வரைக்கும் நாங்க வேன்ல பேச மாட்டோம் லா."

"அது ஏன்?"

உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

தவக்காலத்தில் பிள்ளைகள் எதையாவது விட்டுவிடுவது எனக்குப் புதிது இல்லை. ஒருத்தி மைலோவை விடுவாள், இன்னொருத்தி போன் கேமை விடுவாள், வெள்ளிக்கிழமை நக்கெட்டைத் தொட மாட்டார்கள். போன வருஷம் ஒருத்தி தங்கச்சியை அடிப்பதை விட்டிருந்தாள். ஈஸ்டர் முடிந்த மறுநாளே சேர்த்து வைத்துக் கொடுத்தாள். ஆனால் மொத்த வேனும் சேர்ந்து பேச்சை விட்டது இதுவே முதல் தடவை. இந்துப் பிள்ளைகளும் அதில் சேர்ந்திருந்தார்கள். முதல் வாரத்திலேயே சலித்துவிடும் என்று நினைத்தேன். சலிக்கவில்லை. கையால் பேசிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஊதி, ஆவியில் விரலால் எழுதி அழித்தார்கள். நான் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொள்வாள்.

உடம்புக்கு முடியாதவர்களைச் சொந்தக்காரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் புவாசா மாதமும் தவக்காலமும் ஒன்றாக வந்திருந்தன. மலாய்ப் பிள்ளைகள் நோன்பு என்பதால் கேண்டீனில் பாதிக் கடையை மூடிவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் ஒரு அறைக்குள் உட்கார்ந்து ரொட்டியைச் சத்தமில்லாமல் தின்றுவிட்டு வந்தார்கள். பள்ளிக்கே தொண்டை கட்டிக்கொண்டது போல இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் கிறிஸ்துவப் பிள்ளைகள் சின்னக் கதவு வழியாகக் கோயிலுக்குப் போய்ச் சிலுவைப்பாதை முடித்துவிட்டு வரும் வரை வேன்கள் வெளியே காத்திருக்க வேண்டும். உள்ளே எல்லோரும் ஒன்றாக முட்டி போடுவார்கள், ஒன்றாக எழுவார்கள். அந்தச் சத்தம் ரோடு வரைக்கும் வரும். கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு மறுபடியும் முட்டிகள்.

எனக்குப் பக்கத்தில் வேன் நிறுத்தும் அண்ணன் ஒருவர் உண்டு. எதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பார்.

"ஏன்மா, ஒன் வேனு சாவு வண்டி மாதிரி போகுது? ஒரு பிள்ளையும் வாய தொறக்கக் காணோம். மருந்து கிருந்து போட்டுட்டியா?"

"சும்மா இருங்க அண்ணே."

"இல்ல, எனக்கும் கொஞ்சம் குடுலா. என் வேன்ல இருக்கிறதுங்க குரங்கு ஜாதி."

சிரித்தேன். சாவு வண்டி என்ற சொல் மட்டும் இடுப்பில் முடிந்த சில்லறை மாதிரி வீடு வரைக்கும் கூடவே வந்தது.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கோயிலில் சிலைகளை மூடினார்கள். ஊதாத் துணியால், தலை முதல் கால் வரைக்கும். அது அவர்களுடைய வழக்கம். வருஷா வருஷம் பார்க்கிறதுதான். வாசலில் நிற்கும் ஆளுயர மாதாவையும் மூடிக் கட்டியிருந்தார்கள். மழைக்கு முந்தின காற்று அடித்தது. துணி முகத்தின் மேல் ஒட்டியது, விலகியது, மறுபடி ஒட்டியது. உள்ளே யாரோ மூச்சு வாங்குவது போல இருந்தது. நான் வேனுக்குள் உட்கார்ந்து கதவை லாக் செய்துகொண்டேன்.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் இறக்கிவிட்டுத் திரும்பினால், டேஷ்போர்டில் என் பிள்ளையாரையும் குட்டி மாதாவையும் காணோம். அந்த இடத்தில் ஊதாத் துணியால் மூடிய இரண்டு சின்ன உருவங்கள் நின்றன. கழுத்தில் முடி கட்டும் ரப்பர் போட்டு இறுக்கியிருந்தது.

எங்கள் வீடுகளில் சாமி முகத்தை மூடுவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். வீட்டில் உயிர் போய்விட்டது என்றால் முதலில் சாமி படங்களின் மேல் துணியைப் போடுவார்கள், கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைப்பார்கள். பதினாலு வயதில், இரண்டாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் பள்ளிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். யாரும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. சாமி மேடையில் வெள்ளை வேட்டி தொங்கியது. அதைப் பார்த்தே அம்மா போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

துணியை எடுத்துவிடலாம் என்று கை நீட்டினேன். கை அதற்குமேல் போகவில்லை. யார் போட்டது என்று தெரியாத முடிச்சை நான் ஏன் அவிழ்க்க வேண்டும்? அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சர்ச்ல மூடினத பாத்துட்டு ஒன் பிள்ளைங்க விளையாடியிருக்கும். எடுத்து வீசிட்டுப் போலா."

அவருக்கு அது விளையாட்டு. அவர் நெஞ்சில் கட்டி இல்லை.

ரிசல்ட் வாங்குகிற நாளுக்கு முந்தின மத்தியானம். மழை விட்டிருந்தது. மேரு ரோட்டில் வந்துகொண்டிருந்தோம். நான் நாளைக்கு டாக்டர் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ரோட்டில் என் கவனம் இல்லை.

"ஆன்டி! பியாவாக்! பியாவாக்!"

பிரேக்கை மிதித்தேன். கால்வாயிலிருந்து ஏறி வந்த பெரிய உடும்பு ஒன்று, வேனுக்கு முன்னால் வாலை இழுத்துக்கொண்டு நிதானமாக ரோட்டைக் கடந்தது. அது புல்லுக்குள் போன பிறகுதான் கண்ணாடியைப் பார்த்தேன். எல்லாப் பிள்ளைகளும் சின்னவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள். விரல்களுக்கு நடுவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை மாதிரி இல்லை, தண்ணீர் கொதிக்கிற கெத்தல் மாதிரி மெல்லிசாக.

வேனை ஓரம் கட்டினேன். "என்னம்மா? என்ன ஆச்சு?"

சாம்பல் புதனுக்குப் பிறகு பெரியவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். "உங்களுக்குத்தான் ஆன்டி. அன்னிக்குப் போன்ல கேட்டோம், உங்களுக்குக் கட்டின்னு. யாரும் பேசாம இருந்தா உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு நேர்ந்துக்கிட்டோம். ஒறுத்தல வெளில சொல்லக்கூடாதுன்னு சிஸ்டர் சொன்னாங்க. அதான் சொல்லல."

"அப்ப இந்தத் துணி?"

"தவக்காலத்துக்கு மூடணும் ஆன்டி. மாதாவ மட்டும் மூடினா பிள்ளையார் தனியா முழிச்சிட்டு இருப்பாரு, பாவம்ல. அதான் அவரையும்."

சின்னவள் கையை எடுத்தாள். "நான் பேசிட்டேன். இப்ப ஆன்டி செத்துருவாங்களா?"

பெரியவள் இல்லை என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானாவது சொல்லியிருக்க வேண்டும். வேனை எடுத்தேன். வீடு வீடாக இறக்கிவிட்டேன். சின்னவள் இறங்கிப் போகும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதுவரை என் பயம் ஒன்றுதான், கட்டி. இப்போது வேறு மாதிரி ஆகிவிட்டது. ரிசல்ட் கெட்டதாக வந்தால் நான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், வெட்டுவார்கள், மருந்து ஏற்றுவார்கள். அந்தப் பிள்ளை என்ன செய்யும்? ஒரு உடும்பைப் பார்த்துக் கத்தியதால்தான் ஆன்டிக்கு இப்படி ஆயிற்று என்று வாழ்க்கை முழுக்கச் சுமந்துகொண்டு திரியுமே. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அம்மா படுக்கையில் இருந்தபோது நானும் மனசுக்குள் ஒன்று வைத்திருந்தேன்: பள்ளிக்குப் போகும்போது மூலையில் நின்று வீட்டைத் திரும்பிப் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஒருநாள் பஸ் கிளம்பிவிட்டது. ஓடினேன். திரும்பிப் பார்க்க மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்த வெள்ளை வேட்டி. அன்றிலிருந்து எதையும் ஒரு தடவையோடு விட எனக்கு முடிவதில்லை.

மறுநாள் காலை சின்னவள் வீட்டு வாசலில் ஹார்ன் அடித்தேன். அவள் அம்மா மட்டும் கிரில் கதவுக்கு வந்தாள்.

"உடம்பு சுடுதுக்கா. வேன்ல ஏற மாட்டேன்னு ஒரே அடம். என்னன்னு கேட்டா வாய தொறக்க மாட்டேங்கிறா."

அவள் பின்னால், யூனிபோர்ம் போட்டு, ஒரு காலில் மட்டும் சொக்ஸோடு சின்னவள் நின்றிருந்தாள். நான் இறங்கிப் போய்க் கிரில் பக்கத்தில் குந்தினேன்.

"ஒங்கிட்ட சொல்ல மறந்துட்டேன் பாரு. ஆஸ்பத்திரிலேர்ந்து நேத்தே போன் பண்ணிட்டாங்க. ஒண்ணும் இல்லையாம். சும்மா கட்டிதானாம்."

அவள் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "முன்னாடியா, பின்னாடியா?"

"எதுக்கு?"

"நான் பேசினதுக்கு."

"பின்னாடிதான். நீ பேசி, நான் ஒன்ன எறக்கிவிட்டு, அதுக்கப்புறம்தான் போன் வந்துச்சு."

அவள் உட்கார்ந்து அடுத்த சொக்ஸை மாட்டிக்கொண்டாள்.

தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிவிட்டு, சீட்டில் வந்து உட்கார்ந்தேன். எதிரே டேஷ்போர்டில் இரண்டு சாமியும் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்கள். துணி போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக, மூடியிருப்பதே நல்லதுதான் என்று தோன்றியது.

பிள்ளைகளை இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நம்பர் வர வெகுநேரம் ஆனது. இளம் மலாய் டாக்டர் நான் உட்கார முடியாமல் தவிப்பதைப் பார்த்துவிட்டு, பேப்பரைத் திருப்புவதற்கு முன்பே சொன்னார்: "பூக்கான் கான்சர், காக். ஜாங்கான் தாக்குட்." புற்றுநோய் இல்லை, பயப்பட வேண்டாம். ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும். நான் திரும்பவும் கேட்டேன். திரும்பவும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்க வெட்கமாக இருந்ததால் எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே கார்டில் தேதி எழுதிக்கொடுத்த தமிழ் நர்ஸ் மிஸி, "நீங்க எதுக்குக்கா பதறி அடிச்சிட்டு வந்தீங்க?" என்றாள். "நேத்தே போன் அடிச்சோமே. எடுக்கல நீங்க. நல்ல ரிசல்ட்டுதான், அவசரம் இல்லன்னு சொல்லத்தான் கூப்பிட்டோம்."

கார் பார்க்கில் வேனுக்குள் உட்கார்ந்து போனைத் திறந்தேன். தெரியாத நம்பர் எதையும் நான் எடுப்பதில்லை, பார்ப்பதும் இல்லை. இருந்தது. சிவப்பில் ஒரு நம்பர், பக்கத்தில் சின்ன எழுத்தில் நேரம். என் மூக்குக் கண்ணாடி பேக்கில் இருந்தது. அதை எடுத்து மாட்டினால் தெரிந்துவிடும், முன்னாடியா பின்னாடியா என்று. கேஸ் தோங்கை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறவள், கண்ணாடியை எடுக்காமலே அந்த நம்பரை அழித்தேன்.

மத்தியானம் பிள்ளைகள் ஏறினார்கள். பெரியவள் கண்ணாடியில் புருவத்தைத் தூக்கினாள். நான் தலையாட்டினேன். சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் யாரும் பேசவில்லை. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருந்தது. சிக்னலில் நின்றபோது பார்த்தேன். ஏர்கோன் காற்றில் பிள்ளையாரின் துணி ஒரு பக்கம் நழுவி, தும்பிக்கை நுனி தெரிந்தது.

பச்சை விழுவதற்குள் நானே அதை இழுத்து மூடிவிட்டேன்.