கை காட்ட ஆள் வேண்டாத படகு

படகுகளுக்குக் கூரைத்துணியும் மெத்தை உறையும் தைப்பது என் தொழில். படகுத்துறை வாசலில், எண்ணெய் டிரம் அடுக்கியிருக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், தகரக் கதவு போட்ட அறை என்னுடையது. மெஷின் சத்தத்தில் எனக்கு எதுவும் காதில் விழாது என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அதனால் ஊர் வம்பெல்லாம் என் வாசலில் நின்றுதான் பேசுவார்கள். ‘இன்னும் ஒண்ணு’ என்ற பட்டப்பெயர் பிறந்ததும் அந்த வாசலில்தான்.

பட்டப்பெயருக்கு உரியவர், படகு கட்டும் ஜெட்டி மேடைகளில் கடைசியில், முப்பத்தாறு அடி மோட்டார் படகில் தனியாகக் குடியிருந்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தீவுகள் பக்கம் ஒரு நீண்ட பயணம் போக வேண்டும் என்பது அவருடைய திட்டம். “எப்போ சார் கிளம்பறீங்க?” என்று யார் கேட்டாலும், “எல்லாம் முடிஞ்சிடுச்சு, இன்னும் ஒண்ணுதான் பாக்கி” என்பார். அந்த ஒன்று முடிவதற்குள் அடுத்த ஒன்று வரிசையில் வந்து நிற்கும்.

கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்து, பூனைக்குப் பால் வேண்டும் என்று மாடு வாங்கிய சாமியார் கதைதான். முதலில் ஐஸ்பெட்டியை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் வைத்தார். ஃபிரிட்ஜ் ஓடி ஓடி பேட்டரி இறங்கிவிடுகிறது என்று நாலு பேட்டரியை ஆறாக்கினார். ஆறையும் நிரப்ப எஞ்சினில் இருந்த ஆல்டர்நேட்டருக்குத் தெம்பு போதவில்லை, பெரிதாக ஒன்று மாட்டினார். அதற்குப் பழைய பெல்ட் வழுக்கியது, புல்லியோடு சேர்த்து மாற்றினார். போதாததற்குக் கூரைமேல் சோலார் தகடு. தகட்டின் எடைக்குக் கூரைக் குழாய் வளைந்தது. குழாயை மாற்றியதும் துணி பொருந்தாமல் போனது. அப்படித்தான் என்னிடம் வந்து சேர்ந்தார்.

வேலையில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு ஒயருக்கும் நம்பர் எழுதிய சின்னச் சீட்டு, ஒவ்வொரு ரப்பர் குழாய்க்கும் இரட்டைக் கிளிப். துணிக்கு அளவெடுக்கப் போன அன்று அவர் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தார். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் இந்தப் பக்கம் குழாய்க்குள் தள்ள வேண்டும், இன்னொருவர் அந்தப் பக்கம் இழுக்க வேண்டும். இவர் இங்கே ஒரு சாண் தள்ளுவார். பிறகு எழுந்து, தலை இடிக்காமல் குனிந்து, மூன்று படி இறங்கி முன்னறைக்குப் போய் அங்கே ஒரு சாண் இழுப்பார். மறுபடி இங்கே. அறுபத்து மூன்று வயது. நான் அளவெடுத்து முடிக்கும்வரை இதுதான் நடந்தது.

“நான் பிடிக்கட்டுமாண்ணா?” என்றேன்.

“வேண்டாம் தங்கச்சி. பழகிடுச்சு.”

அந்தப் படகில் எல்லாமே அப்படித்தான். வெளிவிளக்கு எரிகிறதா என்று பார்க்க ஜெட்டிக் கம்பத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கட்டியிருந்தார். உள்ளே சுவிட்சைப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கண்ணாடியில் பார்த்துக்கொள்வார். வெளியே நின்று “எரியுது” என்று சொல்ல ஆளில்லாத மனிதரின் கண்டுபிடிப்பு அது. எனக்கும் வீட்டில் பேச ஆளில்லை, ஆனால் நான் இந்த அளவுக்குப் போகவில்லை.

அவருக்கு அப்படிச் சொல்ல ஆளே இல்லை என்பதில்லை. அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், முதல் இரண்டு வருஷம் இந்தப் படகில்தான் இருந்தார். வீட்டை விற்றுப் படகு வாங்கியது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. படகு ஜெட்டிக்கு வரும்போது அண்ணா உள்ளே ஸ்டீயரிங்கில் இருப்பார், அண்ணி கயிற்றோடு முன்முனையில் நிற்பார். எஞ்சின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. அதனால் அண்ணி கை காட்டுவார். உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் மெதுவா. கையைப் பக்கவாட்டில் நீட்டினால் அந்தப் பக்கம். முஷ்டியைத் தூக்கினால் நிறுத்து. யார் பேச்சையும் கேட்காத அந்த மனிதர் அந்தக் கைக்கு மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்குவார். “வீட்டுல நடக்காதது இங்கயாவது நடக்குதே” என்று அண்ணி சிரிப்பார்.

பிறகு மகளுக்குப் பிரசவம் என்று அண்ணி மூன்று மாதத்துக்குக் கிளம்பிப் போனார். அங்கே குழந்தையைத் தூக்கித் தூக்கித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. போனில் ஒரு நாள், “கையைத் தூக்கவே முடியலைங்க. அங்க வந்து எப்படித்தான் கயிறு பிடிக்கப் போறேனோ, கஷ்டம்தான்” என்றாராம். சாதாரணப் பேச்சு. வேறொருவராக இருந்தால் “பரவாயில்ல, வா, பாத்துக்கலாம்” என்று சொல்லியிருப்பார். லிஃப்ட்காரர் காதில் ‘கஷ்டம்’ என்று விழுந்தால் அது பழுதுப் பட்டியலில் ஒரு வரி. அன்றைக்கு ஸ்பேனரை எடுத்தவர், கீழே வைக்கவே இல்லை.

மூன்று மாதம் மூன்று வருஷம் ஆனது. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. நடுவில் அண்ணி இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் தரைப் பலகைகள் கழற்றிக் கிடந்தன, உட்கார இடமில்லை. பகல் முழுக்க நின்றுவிட்டு, “எல்லாம் முடிஞ்சதும் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பேசுவார்கள். கையெல்லாம் கிரீஸ் என்பதால் அண்ணா ஸ்பீக்கரில்தான் போடுவார். துணி மாட்டப் போயிருந்தபோது நானும் கேட்டிருக்கிறேன்.

“நங்கூரம் தூக்க மோட்டார் போட்டாச்சு. நீ சங்கிலியைத் தொடவே வேண்டாம்.”

“ம்.”

“முன்பக்கம் சின்னதா ஒரு புரொப்பல்லர். ரிமோட்டை அமுக்கினா படகு தானா பக்கவாட்டுல நகரும். நீ கயிறு வீச வேண்டியதில்ல.”

“சரி. சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு. அடுத்து கேமரா. ஜெட்டி எவ்வளவு தூரத்துல இருக்குன்னு ஸ்கிரீன்ல காட்டிடும்.”

சாப்பிட்டீர்களா என்று கேட்டால் கேமராவைச் சொல்கிற ஆள். நீ இல்லாமல் நன்றாக இல்லை என்று ஒரு நாள்கூட அவர் வாயில் வரவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல்தான் இத்தனை போல்ட் முறுக்கினார் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது.

கடைசியாக நாற்காலி. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இரண்டு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டுச் சுழலும் நாற்காலி ஒன்றை மாட்டினார். இருந்த இடத்திலிருந்தே எல்லா சுவிட்சும் கைக்கு எட்ட வேண்டுமாம். அதற்கு உறை தைக்கச் சொன்னார். நான் டேப்பை வைத்து அளந்தேன். ஒரு ஆளுக்கான அகலம். எழுதிக்கொண்டேன், தைத்தேன், ஓரத்துக்கு வெள்ளைப் பட்டையும் வைத்தேன். இது ஒரு ஆள் உட்காருகிற இடம் என்று என் கைக்குத் தெரிந்தது, என் புத்திக்கு உறைக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

ஒரு வழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, “முடிஞ்சிடுச்சு, வா” என்றார். அண்ணியும் சொல்லிவிட்டார்: “பதினஞ்சு நாள் தீவுப் பக்கம் போய்ட்டு வருவோம். ஒத்து வந்தா அங்கயே இருந்துடறேன். இல்லன்னா மகளோடயே இருந்துக்கறேன், அப்புறம் நீங்க கூப்பிடக் கூடாது.” அண்ணா அன்றிலிருந்து பித்தளையெல்லாம் தேய்த்து, புது விரிப்பு போட்டு, என் வாசலுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை வந்து, “உறை ஆச்சா, உறை ஆச்சா?” என்று என் உயிரை எடுத்தார்.

அண்ணி காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பெரிய பெட்டி. பதினைந்து நாளுக்கு அவ்வளவு பெரிய பெட்டி வேண்டாம். தங்கத்தான் வந்திருந்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாற்காலிக்கு உறை மாட்ட நானும் படகில் இருந்தேன். “அப்படியே ஒரு சுத்து சுத்திட்டு வந்துடலாம், நீயும் இரு தங்கச்சி” என்றார் அண்ணா. ஒரு பொத்தானை அமுக்கினார், எஞ்சின் பிடித்தது. கயிறுகளைக்கூட உள்ளே இருந்தபடியே உருவிக்கொள்கிற மாதிரி கொக்கி வைத்திருந்தார். அலைதடுப்புச் சுவரைத் தாண்டி, ஆட்டோபைலட்டைப் போட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துக் காட்டினார். அண்ணி, “அட” என்றார். நிஜமான சந்தோஷம்தான் அது. ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார், விரிப்பைத் தடவிப் பார்த்தார், “நல்லா பண்ணியிருக்கீங்க” என்றார். அண்ணாவுக்கு வாயெல்லாம் பல்.

திரும்பி வரும்போது ஜெட்டி கண்ணில் பட்டதும் அண்ணி எழுந்து முன்முனைக்குப் போனார். யாரும் சொல்லவில்லை, கால் தானாகப் போனது. அங்கே வழக்கமாகக் கயிறு தொங்கும் இடத்தில் கயிறு இல்லை. வெறுங்கையோடு நின்றார். ஜெட்டி நெருங்க நெருங்க வலது கையைத் தூக்கினார். தோள் வலிப்பது முகம் சுருங்கியதில் தெரிந்தது. உள்ளங்கையைக் கீழே அழுத்தினார். பிறகு முஷ்டியைத் தூக்கிப் பிடித்தார்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் கண் ஸ்கிரீனில் இருந்தது. அதில் பச்சைக் கோடு, மஞ்சள் கோடு, சிவப்புக் கோடு. ரிமோட்டை இரண்டு தடவை அமுக்கினார். படகு பக்கவாட்டில் நகர்ந்து, ஜெட்டியில் பட்டும் படாமல் நின்றது. முன்னால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் முஷ்டி இன்னும் மேலேயே இருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டார்.

“பாத்தியா! ஒரு கீறல் இல்ல!” என்று அண்ணா கத்தினார். “நீ எதுக்கு அங்க போய் நிக்கிற? நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம்.”

அண்ணி உள்ளே வந்தார். நாற்காலியைப் பார்த்தார். “நான் எங்கங்க உக்காரணும்?”

அண்ணா நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “கீழ சோஃபா இருக்கே. குஷன் புதுசு.”

“கீழ உக்காந்தா கடல் தெரியுமா?”

நான் இறங்கிப் போயிருக்க வேண்டும். போகாமல் உறையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

“உனக்காகத்தானே எல்லாம் பண்ணேன்” என்றார் அண்ணா.

“எனக்காகத்தான். அது தெரியாமலா? ஆனா நான் இல்லாமலே ஓடற மாதிரி பண்ணி வச்சிருக்கீங்க. தோள் வலிக்குதுன்னுதான் சொன்னேன். நிக்க மாட்டேன்னா சொன்னேன்?”

“கழட்டிடறேன். கேமராவை எடுத்துடறேன். பழைய பெஞ்சு கொட்டகையிலதான் இருக்கு. ஒரு வாரம் குடு.”

அண்ணி சிரித்தார். கோபமாக இருந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பாருங்க, இதையும் ஒரு வேலையாத்தான் பாக்கறீங்க. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பாத்திருந்தா போதும்.”

மூன்று மணி பஸ். பெட்டியை அண்ணாதான் தூக்கிப் போனார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தார்கள். சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று உண்டு. இதற்கு என்ன இருக்கிறது?

நாலாம் நாள் அவர் தனியாகத் தீவுப் பக்கம் கிளம்பினார். கயிறு அவிழ்த்துக் கொடுக்கலாம் என்று நான் ஜெட்டிக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் உள்ளிருந்தே உருவிக்கொண்டு நகர்ந்துவிட்டார். கிளம்பிய பதினோராம் நாள் திரும்பி வந்தார். முகம் கறுத்து, தாடி முளைத்து, என் வாசலில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மெஷினை நிறுத்தினேன்.

“எப்படி இருந்துச்சுண்ணா?”

“எல்லாமே சரியா வேலை செஞ்சுது. பதினோரு நாள்ல யாரையும் ஒரு உதவிக்குக்கூடக் கூப்பிட வேண்டி வரல.” தாடியைத் தடவிக்கொண்டார். “நேத்து அவளுக்குப் போன் பண்ணேன். படகு எப்படி இருக்குன்னு கேட்டா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு அழுதார். பெரிய மனிதர் ஒருவர் என் தையல் அறையில் அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை. தாங்காமல் போனால் எனக்குத் திட்டத்தான் வரும்.

“நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு உங்களுக்கு என்ன ஸ்பேனர் வேணும்? போனை எடுங்க. இப்பவே சொல்லுங்க. நீ இல்லாம முடியல, வான்னு சொல்லுங்க. வராமப் போனா என் பேரை மாத்தி வைங்க.”

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போனைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“சொன்னா வந்துடுவா தங்கச்சி. அது எனக்குத் தெரியாதா? அந்தத் தோளை வச்சுக்கிட்டு அவளுக்கு எதுக்குக் கஷ்டம்?”