ஈர சிமென்டில் என் கைக்குட்டை

மயிலாப்பூரில் எங்கள் தெருமுனைத் திறந்தவெளி அரங்கைப் புதுப்பிக்கிறார்கள். கோயிலிலிருந்து திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். மூன்றாம் படியின் ஓரம் என் இடம். அங்கே உட்கார்ந்தால்தான் கச்சேரியில் மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் நழுவி, நடை சாத்துவதற்குள் அம்பாளைப் பார்க்க முடியும்.

நல்லவேளை, படி இருந்தது. பழக்கதோஷத்தில் கைக்குட்டையைப் போட்டுவிட்டேன்.

"யக்கா, இன்னா பண்ற? இப்பதான் பூசினேன், ஈரமா கீது" என்றார் கொத்தனார்.

"இடம் பிடிச்சேன்ப்பா."

"கச்சேரி எப்போ?"

"தெரியாது."

எடுத்தேன். கைக்குட்டையின் பூவேலை அப்படியே சிமென்டில் பதிந்திருந்தது. கரண்டியோடு வந்தவரிடம், "அழிச்சுடாதப்பா" என்றேன்.

"இத்தயேதான் கொஞ்சம் முன்ன வந்த இன்னொரு யக்காவும் சொல்லிட்டு போச்சு" என்று காட்டினார். என் கைக்குட்டைத் தடத்தைவிடவும் ஓரமாக, வட்டமாக ஒரு ஃபிளாஸ்க் தடம்.

ஃபிளாஸ்க் மாமி, இதை நீங்கள் படிப்பீர்கள். நீங்களும் அம்பாளைப் பார்க்க ஓடுகிறவரா? இல்லையென்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.