விலகுவதற்கு ஒரு பத்தி

இராஜபாளையத்தில் வேதசிரோமணிக்கு ஒரு பேண்டேஜ் கொட்டகை இருக்கிறது. இருபத்தாறு வருடமாகக் காயம் கட்டும் துணியை வெட்டிச் சுருட்டி அனுப்புகிறார். சோற்றில் கை வைக்குமுன் கழுவுகிறாரோ இல்லையோ, துணியைத் தொடுமுன் இரண்டு தடவை சோப்புப் போடுவார். நனைந்தது, மஞ்சளடித்தது, பூஞ்சை பிடித்தது எல்லாம் வாசலோரச் சாக்குக்குப் போய்விட வேண்டும். சாயங்காலம் தன் கையாலேயே எரித்துவிட்டு மறுபடியும் கழுவுவார். வேலை பார்க்கும் எட்டுப் பெண்களும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

ஆனால் மனுஷருக்கு விற்கத் தெரியாது. கடைகடையாக ஏறிப் பல்லைக் காட்டுவது என்றாலே அவருக்கு அருவருப்பு. அந்தக் குறைக்குத்தான் லிங்கேஸ்வரன் என்கிற வியாபாரியைப் பிடித்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டார் என்றால் பொய்யில்லை.

பேச்சு இதுதான். சுருட்டித் தருவது இவர், பாக்கெட் போட்டு விற்பது அவன். பாக்கெட்டில் இவர் பேரும் லைசென்ஸ் நம்பரும் இருக்கும். ஐந்து வருடத்துக்கு இவர் வேறு யாருக்கும் சரக்குக் கொடுக்கக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீல் சிவரஞ்சனி ஒப்பந்தத்தை எழுதி வாசித்தார். எந்த வேலை யாருடையது, தரத்தை யார் பார்ப்பது, தகராறு வந்தால் எங்கே பேசுவது என்று வரிசையாக வந்தது. கழித்த துணி யாருக்குச் சொந்தம், ஒருவர் தப்புப் பண்ணினால் மற்றவர் எப்படி விலகுவது என்ற இரண்டு பத்திகளில் வேதசிரோமணியின் முகம் சுருங்கிவிட்டது.

லிங்கேஸ்வரன் நல்ல நேரம் பார்த்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் பரப்பி வைத்திருந்தான். வேதசிரோமணி ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்; நேரமும் பார்ப்பதில்லை, சகுனமும் பார்ப்பதில்லை. ஆனாலும் தாம்பாளம் வைத்த சபைக்கென்று ஒரு மரியாதை உண்டு என்பது அவருடைய எண்ணம்.

“நிச்சயம் பண்ணுற எடத்துல கழிச்ச துணியும் அத்துவிடுற பேச்சும் எதுக்கும்மா? அந்த ரெண்டையும் எடுத்துருங்க.”

சிவரஞ்சனி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். லிங்கேஸ்வரன் வாயைத் திறக்கவில்லை, சிரித்துக்கொண்டே இருந்தான். அவன் ஏன் திறக்கப் போகிறான்? இரண்டு பத்தியும் போயின, கையெழுத்தும் ஆயிற்று. சரக்கெடுக்க வரும் வண்டியிலேயே கழிவுச் சாக்கையும் கொண்டுபோய் எரித்துவிடுகிறேன் என்று அவன் சொன்னபோது, எவ்வளவு நல்ல பிள்ளை என்று இவர் மெச்சிக்கொண்டார்.

ஐப்பசி மழை விட்டதும் ஒருநாள் கிருஷ்ணன்கோவிலில் ஒரு மருந்துக் கடையில் மாத்திரை வாங்க நின்றார். திருப்பி அனுப்பவென்று கடைக்காரர் ஒதுக்கியிருந்த பெட்டியில் தன் பேர் தெரிந்தது. ஒரு பாக்கெட்டைப் பிரித்தார். மேலாகப் பிளீச்சிங் பவுடர் நெடி, அதற்கடியில் நாள்பட்ட ஈரத் துணியின் நாற்றம். சுருளுக்குள் கருப்புப் புள்ளிகள். எரிக்கக் கொடுத்த சாக்குத் துணியேதான். இதற்கு முன் வந்த இரண்டு பெட்டி விற்றுப்போயிற்று என்றார் கடைக்காரர். யார் புண்ணிலெல்லாம் இது ஒட்டிக்கொண்டிருக்கிறதோ என்று நினைத்தார். கடை வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

நேரே லிங்கேஸ்வரனிடம் போனார். அவன் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். பாக்கெட்டைக் காட்டியதும் இல்லை என்று மறுக்கக்கூட இல்லை. சால்னா வழிந்த விரலை நக்கிவிட்டு நிதானமாகக் கேட்டான்.

“கழிச்ச துணி ஒங்களுதுன்னு எங்க எழுதியிருக்கு, அண்ணாச்சி?”

என்ன பிறவி இது என்று இருந்தது. திரும்பி நடந்தார். ஆனால் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியெல்லாம் அவனைவிடத் தன்மேல்தான் அவருக்கு அதிகமாக அருவருப்பு. அந்த வாய் அவனுக்கு எங்கிருந்து வந்தது? இவர் எடுக்கச் சொன்ன பத்தியிலிருந்து வந்தது.

சிவரஞ்சனி குத்திக்காட்டவில்லை. விலகும் பத்தி இருந்திருந்தால் பதினைந்து நாளில் முடிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். இனிக் கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். சாக்கைக் கொடுக்காமல் நிறுத்தினாலும், அவனிடம் சேர்ந்திருப்பது அதுவரை இவர் பேரிலேயே பாக்கெட்டாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். உடனே நிறுத்த ஒரே வழி மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குப் புகார் கொடுப்பது.

“ஆனா லைசென்ஸ் ஒங்களுது, அண்ணாச்சி. மொதல்ல ஒங்க கொட்டகையத்தான் பூட்டுவாங்க. யார் மேல புகார் எழுதட்டும்?”

வேதசிரோமணி பையைத் திறந்தார்.

“எம் மேல எழுதுங்கம்மா. அவன் பேரு பொறவு வரட்டும்.”

எப்போதும் அதில் வைத்திருக்கும் லைசென்ஸை எடுத்து மேசைமேல் வைத்தார்.