பென்ஷன் சங்கத்தில் அப்பாவின் நாற்காலி

ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அந்தக் காலத்து அரசாங்க அலுவலகங்களில் அப்படி ஒரு பென்சில் இருந்தது. பெரிய கிராணியார், அதாவது தலைமை எழுத்தர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது சாவிக்கொத்தையும் முத்திரைகளையும் ஒப்படைத்துவிட்டு, அந்தப் பென்சிலை மட்டும் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். ஏதாவது யோசிக்கும்போது அதன் நீல முனையால் மேசையை இரண்டு முறை தட்டுவார். தட்டுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. என் அப்பாவுக்குத் தெரியும். முப்பது வருடம் அவருக்குக் கீழே பியூனாக இருந்தவர் அப்பா. இரண்டு தட்டு என்றால் எழுந்து போய் மேசையோரம் நிற்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அப்பாவின் கால்களுக்கு அது மறக்கவில்லை.

இருவரும் மறுபடி சந்தித்தது மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த பென்ஷன்காரர் சங்கத்தில். சங்கம் என்றால் மாளிகை ஒன்றும் இல்லை. தகரக் கூரை போட்ட பலகை வீட்டின் கீழ்த்தளம், பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், டாம் ஆடுவதற்கு ஒரு கட்டம் போட்ட பலகை, பின்கட்டில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நாட்களில், ஓய்வு பெற்ற கிராணிமார்களும் ரயில்வேக்காரர்களும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். வாரத்தில் இரண்டு மாலை கூடிப் பத்திரிகை படிப்பார்கள், கதை பேசுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பென்ஷன்காரர்களுக்கு ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார் ஒருவர் வகுப்பு எடுத்தார். அந்த வகுப்புக்காகத்தான் அப்பா சேர்ந்தார். சேர்த்துவிட்டவள் நான்.

சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும், படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. அதுவரை எல்லாத் தாளிலும் கட்டைவிரலை வைத்தே காலம் தள்ளியவர் அப்பா. யாரிடமும் எதற்கும் பிடிவாதம் பிடிக்காத அந்த மனிதர் இந்த ஒன்றில் பிடிவாதம் பிடித்தார். "இந்த நாட்டுக்காரன்னு சொல்ற தாளும்மா அது. அதுல என் பேர நானே எழுதணும்" என்றார். அப்பாவின் பெயரில் நான்கே எழுத்துகள். நான்கு எழுத்துதானே, நாலு நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்போது நான் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியை. அறுபது பிள்ளைகளை அடக்கி உட்கார வைக்கிறவள் என்ற திமிரும் எனக்கு இருந்தது.

மூன்றாம் நாள் மாலை சிலேட்டைப் பார்த்து, "இதுகூட வரலையாப்பா?" என்று கேட்டுவிட்டேன். பள்ளியில் பிள்ளைகளிடம் பேசும் அதே குரல். அப்பா கோபப்படவில்லை. சிலேட்டைத் துடைத்து மேசைமேல் வைத்துவிட்டு, ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டார். அதன் பிறகு நான் எத்தனை கெஞ்சியும் என் முன்னால் அவர் சிலேட்டைத் தொடவே இல்லை. அந்த ஒரு கேள்வியை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை. அதற்குப் பரிகாரமாகத்தான் அவரைச் சங்கத்தில் சேர்த்தேன்.

முதல் நாள் நானே கூட்டிப் போனேன். வெளுத்த சட்டை, முழுக்கால் சட்டை, தலையில் எண்ணெய் மினுங்க நிலைப்படியிலேயே நின்றார். உள்ளே பெரிய கிராணியார் தலைவர் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில், மலாக்காச் செட்டிகள் வாழும் செட்டிக் கம்பத்துப் பெரியவர் ஒருவர் டாம் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். "டுடோக்லா அண்ணே, டுடோக்" என்று நாற்காலியை இழுத்துப்போட்டு அப்பாவை உட்காரச் சொன்னார். அப்பா உட்கார்ந்தார். நாற்காலியின் விளிம்பில் நாலு விரற்கடை இடத்தில்தான். மீதி நாற்காலி காலியாகவே இருந்தது.

வகுப்பு நன்றாகத்தான் தொடங்கியது. முதல் எழுத்து ஒரே வாரத்தில் வந்துவிட்டது என்று வாத்தியாரே என்னிடம் சொன்னார். இரண்டாவது எழுத்தில்தான் சிக்கல். வகுப்பு நடக்கும் அதே நேரத்தில் பக்கத்து மேசையில் டாம் ஆட்டம் நடக்கும். காயை எங்கே நகர்த்துவது என்று பெரிய கிராணியார் யோசிப்பார். பென்சில் தட்டும். பாதி எழுத்தில் சிலேட்டை வைத்துவிட்டு அப்பா எழுந்து போய் நிற்பார். கிராணியார் நிமிர்ந்து பார்த்து, ஆள் வந்து நிற்கிறாரே என்று, "கொஞ்சம் தண்ணி" என்பார். தண்ணீர் கொடுத்தால் இன்னொருவர் தேநீர் கேட்பார். பின்கட்டில் அடுப்பு பற்றும். கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரும்போது வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார். இதில் யாரைக் குற்றம் சொல்வது? யாரும் அவரை விரட்டவில்லை, ஏவவும் இல்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் நான் பெரிய கிராணியாரின் வீட்டுக்கே போய்விட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். நான் சொன்னதைக் கேட்டு மனிதர் ஆடிப்போனார். "நான் ஒருநாளும் உம்மட அப்பாவைக் கூப்பிடேல்லையே பிள்ளை. யோசிக்கேக்கை கை தன்பாட்டிலை தட்டுது" என்றார். நல்ல மனிதர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த கூட்டத்திலிருந்து பென்சிலைக் கொண்டுவரவே இல்லை. வாத்தியாரின் வகுப்பு முடியும்வரை தண்ணீர்கூடக் கேட்பதில்லை. காய் நகர்த்தாத நேரமெல்லாம் கைகளை மடியில் கட்டிக்கொண்டு இருந்தாராம்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அப்பா வாடிய முகத்தோடு வீடு வந்தார். "ஐயாவுக்கு என் மேல என்ன கோவம்னு தெரியலம்மா. கூப்பிடவே மாட்டேங்குறாரு" என்றார். வகுப்பு நேரம் முழுக்கச் சிலேட்டைப் பார்க்காமல் கிராணியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அதற்கடுத்த கூட்டத்தில், யாரும் தட்டாமலே எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டார். கிராணியார் தேநீரை வாங்கிக் குடித்தார். இருவருக்கும் நிம்மதி.

அன்று மாலை அப்பாவிடம் கத்தினேன். நீங்களும் ஓர் உறுப்பினர், அவர்களைப் போலத்தான் நீங்களும், இனி அந்த அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்றெல்லாம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அங்க போனா மனசுக்கு நல்லாருக்கும்மா. என் டீயத் தேடிக் குடிக்கிறாங்க. அதையும் வேணாங்கிறியா?" என்று கேட்டார். வெகுகாலம் கழித்து நானும் ஓய்வு பெற்று, புக்கிட் பாருவில் மூத்தோர் மன்றத்தில் சேர்ந்து, கணினி வகுப்பில் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் பேத்தி வயது. நான் திணறும்போதெல்லாம் அவள் என் கையை நகர்த்திவிட்டுத் தானே செய்து முடித்துவிடுவாள். எனக்கும் எழுந்துபோய் யாருக்காவது தேநீர் கலந்து கொடுத்தால் தேவலை என்று இருந்தது. தெரிந்த ஒன்றைச் செய்வதில் எவ்வளவு ஆறுதல் என்று அப்போதுதான் புரிந்தது. புரிந்து என்ன செய்ய, அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன.

மனுக் கொடுக்கும் நாள் வந்தபோது அப்பாவிடம் இரண்டு எழுத்துகள்தான் இருந்தன. படிவத்தின் மற்ற இடங்களை எல்லாம் நான் நிரப்பியிருந்தேன். மண்டபத்தில் நீண்ட வரிசை. மேசைக்குப் பின்னால் இருந்த மலாய் இளைஞர் கையெழுத்துப் போடும் கோட்டைக் காட்டி, "சினி, பாக்சிக்", இங்கே பெரியவரே, என்று மரியாதையாகப் பேனாவை நீட்டினார். அப்பா என்னைப் பார்க்காமல் குனிந்தார். முதல் எழுத்து. நல்ல உருண்டையாக வந்தது. இரண்டாவது கொஞ்சம் சாய்ந்தது. பேனா அங்கேயே நின்றது. எனக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். "அடுத்து என்னம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். மீதி இரண்டு எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக் காட்டலாமா, அவர் கையைப் பிடித்து எழுதிவிடலாமா என்று நான் தடுமாறுவதற்குள், அந்த இளைஞர், "தாக் ஆப்பா, பாக்சிக்" என்று சொல்லி மைப்பெட்டியை முன்னால் நகர்த்தினார். பரவாயில்லை என்றுதான் சொன்னார், பாவம்.

அப்பா பேனாவைக் கீழே வைத்தார். விரலைப் பிடிக்க வந்த இளைஞரின் கையை மெல்ல விலக்கிவிட்டு, கட்டைவிரலைக் கால்சட்டையில் துடைத்து, மையில் அளவாகத் தொட்டு, அந்த இரண்டு எழுத்துகளின் மேலேயே இடது ஓரத்திலிருந்து வலது ஓரம்வரை உருட்டி எடுத்தார். ஒரு கோடுகூடக் கலங்காமல் விழுந்தது ரேகை. "சந்தேக்!" என்றார் அந்த இளைஞர், அழகு என்று. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "முப்பது வருசமா ஆபீசுக்கு வந்தவங்க வெரலயெல்லாம் நான்தாம்மா புடிச்சி வச்சேன். ஒருத்தரோடதும் கலங்கினதில்ல" என்றார் என்னிடம்.

எங்களுக்கு அடுத்து நின்ற அம்மாளுக்குக் கை நடுக்கம். இரண்டு தாள் வீணாயிற்று. அப்பா அருகே போய், "பயப்படாதீங்க, கையத் தளர விடுங்க" என்று அவள் விரலைப் பிடித்து உருட்டிக் கொடுத்தார். அதற்கடுத்தவர் தானாகவே அப்பாவிடம் விரலை நீட்டினார். மேசையோரம் நின்றபடி அப்பா வேலையைத் தொடங்கிவிட்டார். வாங்கப்பா போகலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். "இரும்மா, இத்தன பேரு நிக்கிறாங்கல்ல" என்றார். சுவரோரம் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அவர் அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எதற்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்வது? வரிசை தீரும்வரை அவர் உட்காரவே இல்லை.