தாளின் அடியில் 'மோர்'

எங்கள் செய்தி ஆசிரியருக்கு அமெரிக்கப் பத்திரிகைப் பைத்தியம். இளம் வயதில் ஓர் அமெரிக்கரிடம் வேலை கற்ற சென்னைக்காரர். தொண்ணூறுகளில், அபுதாபியில் நான் தட்டச்சு வேலை பார்த்த ஆங்கிலப் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தக் காலத்து வழக்கங்களை அவர் விட்டபாடில்லை. அதில் தலையாயது 'மோர்'. நம் வீட்டு மோர் இல்லை. 'இன்னும்' என்று பொருள்படும் சாதாரண ஆங்கிலச் சொல்.

அமெரிக்காவில் அந்த நாளைய நிருபர்கள் செய்தியை முழுக்க எழுதிவிட்டுக் கொடுக்கமாட்டார்களாம். ஒரு தாள் முடிந்ததும் டைப்ரைட்டரிலிருந்து உருவி அச்சுக்கோப்பவரிடம் அனுப்பிவிட்டு அடுத்ததைச் செருகுவார்களாம். ஒவ்வொரு தாளின் அடியிலும் 'மோர்' என்று போடவேண்டும். அதைப் பார்த்தால்தான் செய்தி முடியவில்லை என்று அச்சுக்கோப்பவர் காத்திருப்பார். கடைசித் தாளில் மட்டும் முப்பது என்ற எண். ஏன் முப்பது என்று கேட்டால் எங்கள் ஆசிரியர் நாளுக்கொரு காரணம் சொல்வார். ஃபேக்ஸில் வரும் தாளில் 'மோர்' விட்டுப்போயிருந்தால் நிருபரைப் போனில் வறுத்தெடுத்துவிடுவார். எனக்குச் சிரிப்பாக வரும்.

ஒரு மதியம் ஃபேக்ஸில் வந்த தாளை எடுத்துத் தட்ட உட்கார்ந்தேன். ருவைஸைத் தாண்டி, பாலைவனத்தில் ஒரு கட்டுமானக் கேம்பில் தீ. சமையலறையில் கேஸ் சிலிண்டர் வெடித்து, தொழிலாளர் அறைகளுக்கும் பரவியிருக்கிறது. உயிர்ச்சேதம் இருக்கலாம். அடியில் 'மோர்'.

அது என் கணவரின் கேம்ப். அவர் அங்கே எஞ்சினியர். அந்த வாரம் அவருக்கு நைட் டூட்டி, பகலெல்லாம் ரூமில் தூங்குவார். தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத மனிதர்.

கேம்புக்குப் போன் போட்டேன். மணியே அடிக்கவில்லை. ஆசிரியரிடம் ஓடினேன்.

"மோர் போட்டிருக்கான்மா. வரும்."

"எப்ப சார் வரும்?"

"வரும்மா. உட்காரு."

உட்காரவில்லை. ஃபேக்ஸ் மெஷின் பக்கத்திலேயே நின்றேன். அடுத்த தாள் வரவில்லையே என்று தவித்தேன். மெஷின் அசைந்தாலோ, வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவனைச் சபித்தேன். ஆசிரியர் எழுந்து வந்து, நன்றாக இருந்த பேப்பர் ரோலைக் கழற்றித் திரும்ப மாட்டினார்.

கடைசியில் தாள் வந்தது, வரிவரியாக, சுருண்டுகொண்டு. ஆசியத் தொழிலாளர்கள் இருவர் இறந்தனர். முப்பது. அவ்வளவுதான்.

"பேர் எங்கேய்யா?" என்று ஆசிரியர் நிருபரிடம் போனில் கத்தினார். கம்பெனி தரமறுக்கிறது என்றானாம். எஞ்சினியராக இருந்தால் எஞ்சினியர் என்று போட்டிருப்பார்களே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். நெருப்பில் கிடப்பவர் எஞ்சினியரா, கொத்தனாரா என்று யாருக்குத் தெரியும் என்று உடனே தோன்றியது.

ஆசிரியர் ரிசீவரை வைத்ததும் அதே போன் அடித்தது. எடுத்தவர் என்னிடம் நீட்டினார்.

"நான்தான். எனக்கு ஒண்ணுமில்ல." புகையில் குரல் கட்டிப்போயிருந்தது. "ரூம்ல ஏசி ஓடலைன்னு அடுத்த பிளாக்ல போய்ப் படுத்திருந்தேன்."

எனக்கு அழுகைதான் வந்தது. "வச்சுடாதீங்க, வச்சுடாதீங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பின்னாடி பெரிய லைன் நிக்குதும்மா. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குச் சொல்லணும்ல?"

வைத்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதோ, எழுதும்போதும் அந்தச் சந்தோஷம் மாறவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இரண்டாவது தாளைத் தட்ட உட்கார்ந்தேன். அந்த வரிசையில் நிற்காத இருவரின் நினைவு அப்போதுதான் வந்தது. அவர்களைப் பற்றி ஒரே வரி. பெயர்கள் இல்லாததால் தட்டி முடிக்க நேரமே ஆகவில்லை.