செம்மண்டலத்துக்குப் போன தக்காளிக்காய்ச் சட்னி

மகளுக்கு ஐந்தாம் மாதம். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். புளிச்சோறு, தயிர்ச்சோறு எல்லாம் முறைக்காக. சின்னத் தூக்கில் இருந்த தக்காளிக்காய்ச் சட்னிதான் அவளுக்காக. நாலு மாதமாக எதைத் தின்றாலும் வாந்தி எடுத்த பெண், முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டது அதைத்தான்.

கடலூர் செம்மண்டலத்தில் அவள் மாமனார் வழக்கம்போல் போனும் கையுமாக இருந்தார். அந்த வீட்டில் சாமி படத்துக்கு அடுத்த மரியாதை அந்தப் போனுக்குத்தான். அடுப்படியில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள். முளை விட்டு, தோல் பச்சையாகிப்போன கிழங்கு. நாம் என்ன சொல்வது என்று வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்கு எப்போதுமே பேச்சு வராது.

இலை போட்டார்கள். மகளுக்குச் சட்னி வைக்கப் போனேன். மாமனார் கையை நீட்டித் தடுத்தார்.

"அத வைக்காதீங்க தங்கச்சி. தக்காளிக்காய் விஷம். வீடியோவுல டாக்டரே சொல்றாரு."

"எந்த டாக்டர் மாமா?" என்றாள் மகள்.

"எந்த டாக்டரா இருந்தா என்னம்மா? வெள்ளக் கோட்டு போட்டிருக்காரு."

சரிதான். கோட்டு போட்டால் போதும். என் வீட்டில் இத்தனை வருஷம் இதைத் தின்றவர்களெல்லாம் கோட்டு போடாததால்தான் உயிரோடு இருக்கிறோம் போலிருக்கிறது. மனதுக்குள் இவ்வளவும் ஓடியது. கரண்டியைத் திரும்பத் தூக்கிலேயே வைத்தேன். மகள் தூக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அவளே, தன்னை மாதாமாதம் பார்க்கும் நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"வதக்கி அரச்ச சட்னிதானே? தொட்டுக்க சாப்புடு, ஒண்ணும் ஆவாது. தக்காளிச் செடியோட இலை, தண்டுதான் கூடாது. மொள விட்டு பச்சையாப் போன உருளக்கெழங்கு இருந்தா, அதத் தூக்கிப் போடு, அதுலதான் அந்த விஷம் ஜாஸ்தி."

மாமனார் வாயில் வறுவல் இருந்தது. விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு விழுங்கினார். அந்த அறிவுரை வீடியோவில் வரவில்லையே!

மகள் சட்னியைத் தொட்டுக்கொண்டு இரண்டாவது தடவையும் சோறு வாங்கினாள். வாந்தி வரவில்லை. மீதியையும் அவள் இலையிலேயே வழித்து வைத்தேன்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "நானும் அதத்தான் சொன்னேன், அளவா சாப்புடணும்னு. இங்க கொஞ்சம் வைங்க, பாக்கலாம்."

காலித் தூக்கைக் கவிழ்த்துக் காட்டினேன்.

"விஷம் தீந்துபோச்சுண்ணே."